பண்பலையில் ஒலிபரப்ப பாட்டில் கெட்ட வார்த்தையை எடுப்பது எப்படி? (வெட்டின இடம் தெரியக்கூடாது)

தெருவிளக்கு:
சமுதாய வானொலியில் இளைஞர் நிகழ்ச்சிக்கு ஒரு தனியிசை ராப் பாட்டு வந்திருக்கிறது. ஹூக்கில் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஒரே கெட்ட வார்த்தை நாலு இடத்தில். இரண்டாவது வெர்ஸில் ஒரு வரி முழுக்கவே சிக்கல். கையில் இருப்பது 320 கேபிபிஎஸ் எம்பி3 மட்டும். டெம்போ 92. ஆடாசிட்டியில் அந்த இடங்களை சைலன்ஸ் செய்தால் டிரான்ஸ்மிட்டர் விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி கேட்கிறது. பீப் வைத்தால் பாட்டை மீறி பீப்தான் நிற்கிறது. கேட்பவர் கவனிக்காத மாதிரி செய்ய வழி உண்டா? விதிப்படி எதையெல்லாம் எடுத்தே ஆகணும்?

ஃபேடர்_மணி:
சைலன்ஸ் வைத்ததும் டிரம்ஸும் பேஸும் சேர்ந்து காணாமல் போவதுதான் பிரச்சினை. குரல் கால் நொடி நின்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தாளம் கால் நொடி நின்றால் உடனே காது நிமிரும். அதனால் எடுக்க வேண்டியது குரலை மட்டும்.

எடிட் செய்ய உட்காருவதற்கு முன்னால் பாடினவரிடமே மைனஸ் ஒன் (குரலில்லாத இசை மட்டும்) கேளுங்கள். வேவ் கோப்பு, 24 பிட், பாட்டோடு சேர்த்து அதே மாஸ்டரிங்கில் எடுத்தது, தொடக்கப்புள்ளி இரண்டுக்கும் ஒன்றாக இருக்கணும். முழுப்பாட்டின் வேவ் கோப்பையும் வாங்கிவிடுங்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னால் சிறு வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும், அதனால் எம்பி3யும் வேவும் தாமாகப் பொருந்தாது.

பொருந்தியதா என்று பார்க்க: இரண்டையும் அடுத்தடுத்த டிராக்கில் போட்டு முதல் கிக்கில் (பெரிய டிரம் அடியில்) பெரிதாக்கிச் சேருங்கள். ஒன்றை இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இசை கரைந்து குரல் மட்டும் மிஞ்சினால் சரி. டிரம்ஸ் குழாய்க்குள் அடிப்பது போல் சன்னமாகக் கேட்டால் ஒரு சில சாம்பிள் தள்ளியிருக்கிறது, நகர்த்துங்கள். சுத்தமாகக் கரையாமல் லேசாக மிச்சம் இருந்தால் பரவாயில்லை. லிமிட்டர் (உச்ச ஒலியை அமுக்கும் கருவி) குரல் இருக்கும்போது ஒரு மாதிரியும் இல்லாதபோது வேறு மாதிரியும் வேலை செய்திருக்கும். இன்வர்ட்டைத் திரும்ப எடுக்க மறக்க வேண்டாம்.

பிறகு வார்த்தை வரும் இடத்தில் மட்டும் முழுப்பாட்டிலிருந்து மைனஸ் ஒன்னுக்குத் தாவித் திரும்புங்கள். உள்ளே போகும் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் கலப்பு) 5 முதல் 10 மில்லிசெகண்ட், வெளியே வரும்போது 20 அளவில். 92 டெம்போவில் ஒரு அடி 652 மில்லிசெகண்ட் (60,000ஐ டெம்போவால் வகுக்கணும்), அரை அடி 326, கால் அடி 163. வெளியே வரும் புள்ளியை இந்தக் கணக்கில் ஏதாவது ஒரு அடியில் விழச் செய்தால், திரும்பி வரும் குரலை ஸ்னேர் டிரம் மறைத்துவிடும்.

தெருவிளக்கு:
அண்ணா, பாடின தம்பியிடம் மைனஸ் ஒன் இல்லையாம். பீட் (பின்னணி இசை) வேறு ஒருவரிடம் வாங்கினது, பிராஜெக்ட் ஃபைலும் இல்லை.

ஃபேடர்_மணி:
அப்படியானால் டெமக்ஸ் அல்லது அதைப் போன்ற ஸ்டெம் (பாட்டின் தனித்தனி ஒலிப்பாகம்) பிரிக்கும் மென்பொருள். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரிக்கும். இங்கே பலர் பிசகுவது ஒரே இடத்தில்: பிரித்த நாலையும் மறுபடி சேர்த்து அதையே முழுப்பாட்டாக ஒலிபரப்பிவிடுகிறார்கள். சிம்பலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மூன்று நிமிடமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அசல் பாட்டு அசலாகவே ஓடட்டும். வெட்டும் அந்த 300, 400 மில்லிசெகண்டுக்கு மட்டும் குரல் நீங்கலான மூன்று ஸ்டெமைச் செருகுங்கள். அவ்வளவு சின்ன இடத்தில் பிசிறு தெரியாது.

“மற்றவை” ஸ்டெமைத் தனியாகக் கேளுங்கள். அதில் வார்த்தை கிசுகிசுப்பாக ஒட்டியிருக்கும், குறிப்பாக ச, ஸ மாதிரியான ஒலிகள் டிரம்ஸ் ஸ்டெமில் ஹைஹாட்டோடு கலந்துவிடும். அந்த இடத்தில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்குங்கள். அதுவும் போதாவிட்டால் அதே தாளக்கட்டு பாட்டில் வேறு எங்கே குரலில்லாமல் வருகிறது என்று தேடி அங்கிருந்து ஒரு அடியை எடுத்து ஒட்டுங்கள். லூப்பில் கட்டின பீட் என்றால் இன்ட்ரோவிலேயே கிடைக்கும். உண்மையில் ராப்புக்கு இதுதான் எல்லாவற்றையும் விடச் சுத்தமான வழி.

இன்னொன்று. டிலே எஃபெக்ட் போட்டிருந்தால் வார்த்தை போன பிறகு அதன் எதிரொலி அடுத்த அடியில் தெளிவாக வரும். ஹூக் என்றால் இடது வலது பக்கம் டபுள் (அதையே இன்னொரு முறை) பாடியிருப்பார்கள், பின்னால் “ஏய்” போடுகிற ஆட்லிப்பிலும் அதே வார்த்தை இருக்கும். நடுக்குரலை மட்டும் எடுத்துவிட்டு இவற்றை விட்டால் அசிங்கம். ரிவெர்ப் வாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் வார்த்தை புரியாது.

மோனோஸ்பீக்கர்:
யாராவது “இடதிலிருந்து வலதைக் கழித்தால் நடுக்குரல் போய்விடும், எதற்கு ஸ்டெம்” என்று சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கும் கிக்கும் பேஸும் கூடவே போய்விடும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அசலை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, சைட் சிக்னலை (இடது வலது வித்தியாசத்தை) மட்டும் விட்டால் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். ஸ்டுடியோ ஹெட்ஃபோனில் அகலமாக, அழகாகக் கேட்கும். பேருந்தில் ஓடும் ஒற்றை ஸ்பீக்கரிலும், சிக்னல் குறைந்ததும் மோனோவுக்கு மாறிவிடும் கார் ரேடியோவிலும் இரண்டும் கூடிப் பூஜ்யமாகிவிடும். நீங்கள் தப்பிக்க நினைத்த அதே ஓட்டை. கழித்து வந்த ஒற்றை சிக்னலையே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. சமுதாய வானொலியின் வழக்கமான வரம்பு 100 வாட், எல்லையோரத்தில் கேட்பவர்களில் நிறையப் பேர் மோனோவில்தான் கேட்பார்கள்.

எந்த எடிட்டையும் முடித்தபின் மோனோவில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்காமல் பிளேலிஸ்டில் ஏற்றாதீர்கள்.

சைலன்ஸ் டிடெக்டர் அலறுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. அது பல நொடி அமைதிக்குத்தான் கிளம்பும், வார்த்தை வெட்டுக்கு அசையாது. ஆனால் முழு வரியையும் மௌனமாக்கினால் பிராசசரின் ஏஜிசி (ஒலியளவைத் தானாகச் சமன் செய்யும் பகுதி) மெல்ல ஏற ஆரம்பிக்கும். அடுத்த வரி தடால் என்று வந்து விழும். கேட் அளவு (எந்த ஒலிக்குக் கீழே ஏஜிசி ஏறாமல் நிற்கணும் என்பது) சரியாக வைத்திருந்தால் ஏறாது, வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எதுகைமோனை:
தமிழில் வெட்டுவதற்கென்று சில விஷயம் இருக்கிறது, ஆங்கில யூடியூப் பாடங்களில் வராது.

எங்கே கத்தியை வைப்பது? இரட்டித்து வரும் வல்லினம் (க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப) நல்ல இடம். வாய் அடைபடும் அந்தக் கணத்தில் குரலே இல்லை, பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு அமைதி இயல்பாகவே உண்டு. அங்கே வெட்டினால் டிக் சத்தம் வராது.

ஃபேடர்_மணி:
பத்து இல்லை, நூறு மில்லிசெகண்டை ஒட்டி வரும். சாதாரண வேகப் பேச்சிலேயே. ராப்பில் கொஞ்சம் குறையும்.

எதுகைமோனை:
ஆமாம், நூறு. நன்றி.

நாமடி எழுத்துகள் (ட, ண, ள, ழ) வேறு கதை. இவற்றின் அடையாளம் அந்த எழுத்தில் மட்டுமல்ல, அதற்கு முந்தைய உயிரின் வாலிலேயே ஒட்டியிருக்கும். நாக்கு மடியத் தொடங்கும்போதே அந்த உயிர் நிறம் மாறிவிடும். ‘ட’ தொடங்கும் இடத்தில் சரியாக வெட்டினால் கேட்பவர் ‘ட’ வரப்போவதை ஏற்கெனவே கேட்டுவிட்டார். 30, 40 மில்லிசெகண்ட் முன்னால் போய் வெட்டுங்கள்.

வார்த்தையின் முதல் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை எடுப்பதுதான் தொலைக்காட்சிப் பழக்கம். அது வார்த்தையை மறைப்பதில்லை, “கண்டுபிடி பார்ப்போம்” என்கிறது. தலையை எடுங்கள், வாலை விடுங்கள். தமிழில் விகுதிதான் வாலில் இருக்கிறது. “...ங்கடா”, “...னுக்கு” என்று மிஞ்சினால் வாக்கியம் ஓடும், யாரைத் திட்டினார் என்பது போய்விடும். சந்தியில் கவனம்: திட்டுக்கு முன் ஒரு ‘க்’கோ ‘ப்’போ ஒட்டியிருந்தால் அது முந்தைய சொல்லின் கடைசியில் தொங்கும், அதையும் சேர்த்து எடுக்கணும்.

எல்லாவற்றையும் விட மோசம் இயைபு. கெட்ட வார்த்தை வரியின் கடைசியில் வந்து முந்தைய வரி அதே ஓசையில் முடிந்திருந்தால் எத்தனை நேர்த்தியாக வெட்டினாலும் பயனில்லை. கேட்பவர் காது அதைத் தானே போட்டுக்கொள்ளும். அங்கே இரண்டு வரியையும் சேர்த்துத் தூக்குவது ஒன்றுதான் வழி.

சந்தேகப்பிராணி:
எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைக்கு இவ்வளவு அறுவை சிகிச்சையா? ஒரு பீப், முடிந்தது வேலை. நேர்மையாகவும் இருக்கும்.

ஃபேடர்_மணி:
செய்தித் துண்டுக்குப் பீப் சரி. பாட்டுக்கு ஏன் கூடாது என்றால், 1970இல் ரிச்சர்ட் வாரன் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தில் ஒரு ஒலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்டவர்கள் விடுபட்ட ஒலியைக் கேட்டதாகவே உணர்ந்தார்கள், இருமல் எந்த எழுத்தில் வந்தது என்றுகூடச் சரியாகக் காட்டத் தெரியவில்லை. இருமலுக்குப் பதில் டோன் வைத்தாலும் அதேதான். வெறும் அமைதி வைத்தபோதுதான் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தார்கள். பீப் என்பது மூளைக்குக் கொடுக்கிற சாக்கு. வார்த்தையை மறைக்கப் போய் அதற்கு அடிக்கோடு போடுகிறோம்.

அப்படியும் வைப்பதென்றால் 1 கிலோஹெர்ட்ஸ் டோனைக் குரலின் அளவை விட 10 டெசிபலாவது கீழே வையுங்கள். காது அந்த அலைவரிசையில் கூர்மை, வெறும் சைன் என்பதால் மீட்டரில் காட்டுவதை விட உறைக்கும்.

ரிவர்ஸ் செய்வது நடுவழி. குரல் ஸ்டெமை மட்டும் திருப்புங்கள். முழு மிக்ஸையும் திருப்பினால் ஸ்னேர் உறிஞ்சிக்கொண்டு போகிற சத்தம் வரும். ராப்பில் ஸ்கிராட்ச் சத்தமும் பொருந்தும், மெலடியில் பொருந்தாது.

சட்டப்புள்ளி:
விதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தடை செய்த வார்த்தைகளின் பட்டியல் என்று எதுவும் வானொலிக்கு இல்லை. தனியார் பண்பலையானாலும் சமுதாய வானொலியானாலும் அனுமதி ஒப்பந்தத்தில் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி, விளம்பர நெறிமுறைகளைப் பின்பற்றணும் என்று இருக்கும். அதில் வருபவை பொதுவான தலைப்புகள்: மதங்கள், சமூகங்கள் மீதான தாக்குதல், ஆபாசம், அவதூறு, வன்முறைத் தூண்டல், நீதிமன்ற அவமதிப்பு, நட்பு நாடுகள் மீதான விமர்சனம் என்று போகும். எது ஆபாசம் என்பதை நிலையம்தான் முடிவு செய்யணும்.

சினிமாப் பாட்டு என்றாலே தணிக்கை ஆனது என்று நம்புவது தவறு. தணிக்கை வாரியம் சான்று தருவது படத்துக்கு. ஆடியோ பல வாரம் முன்னாலேயே வந்துவிடும். படத்தில் மாற்றின வரி ஆடியோவில் அப்படியே இருக்கலாம். லேபிளிடம் படத்தில் வரும் வடிவம் தனியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

2022 டிசம்பர் தொடக்கத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அறிவுரை ஒன்று பண்பலைகளுக்கு வந்தது. மது, போதைப்பொருள், ஆயுதம், ரவுடி, துப்பாக்கிக் கலாச்சாரம் இவற்றைப் போற்றும் பாட்டுகளைப் போடக்கூடாது என்று. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத பாட்டும் இதில் மாட்டலாம். அந்த இரண்டாவது வெர்ஸ் வரி எதைப் பற்றி?

தெருவிளக்கு:
கஞ்சா. பெருமையாகத்தான் சொல்கிறார்.

சட்டப்புள்ளி:
அப்படியானால் அந்தச் சொல்லை மட்டும் மறைத்துப் பயனில்லை, வரியே போகணும்.

இனி யாரும் பேசாத பகுதி. பதிப்புரிமைச் சட்டம் 31டி பிரிவின் கீழ் சட்டபூர்வ உரிமத்தில் (உரிமையாளரிடம் தனித்தனியே அனுமதி வாங்காமல், நிர்ணயித்த கட்டணம் கட்டி) ஒலிபரப்புகிறவர்கள் அதன் 6ஆம் உட்பிரிவைப் படியுங்கள். ஒலிபரப்பு வசதிக்காகப் பாட்டைச் சுருக்கலாம். அதையும் ஒலிபரப்புக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவையானதையும் தாண்டிப் புதிதாக எந்த மாற்றம் செய்தாலும் உரிமையாளர் சம்மதம் வேணும். வரியைத் தூக்குவது சுருக்கம். ஒரு சொல்லை எடுத்து வேறு சொல்லை வைப்பது மாற்றம். ரிவர்ஸ், ஸ்கிராட்ச் எல்லாம் வம்பு வளர்க்க விரும்புகிறவருக்கு இடம் கொடுக்கும். தனியிசைக் கலைஞர் என்றால் சுலபம்: “பின்வரும் இடங்களில் திருத்தி ஒலிபரப்பச் சம்மதம்” என்று நிமிடம், நொடி குறித்து ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். அதைவிட நல்லது அவரையே அந்த ஐந்து இடத்தைப் பாடித் தரச் சொல்வது.

எதுகைமோனை:
அதுதான் என் வாக்கும். பாடுகிறவருக்கு அரைமணி நேர வேலை. வேறு சொல் கேட்கும்போது அசை எண்ணிக்கையும் குறில் நெடிலும் மாறாமல் கேளுங்கள், ஃப்ளோ கெடாது. அதே மைக், அதே தூரம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனியாகத் தெரியும்.

டொரண்டோ_காற்று:
வெட்டினால் மட்டும் தப்பிவிடலாம் என்று நினைக்காதேங்கோ. அமெரிக்காவில் கொலராடோவில் கேகேஎம்ஜி எண்டொரு நிலையம் எமினெமின்ர ‘தி ரியல் ஸ்லிம் ஷேடி’யின்ர எடிட் செய்த வடிவத்தைத்தான் போட்டது. அந்த நாட்டு ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் எஃப்சிசி 2001 ஜூனில் 7,000 டொலர் அபராதம் கட்டச் சொல்லி நோட்டீஸ் விட்டது. வார்த்தையளை எடுத்திருந்தாலும் பாலியல் அர்த்தம் விளங்குது எண்டது அவையின்ர நியாயம். 2002 ஜனவரியில் தாங்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டினம். அங்க இரவு 10 முதல் காலை 6 வரைக்கும் தளர்வு இருக்கு, இந்தியாவில் அப்பிடி நேரக்கணக்கு இல்லாதபடியால் அந்த ஊர் வழிகாட்டியளை அப்பிடியே பின்பற்ற ஏலாது.

கனடாவில ஒலிபரப்பாளரின்ர சொந்தத் தர மன்றம், சிபிஎஸ்சி, முறைப்பாட்டைப் பார்க்கும். 2011 ஜனவரியில் டையர் ஸ்ட்ரெய்ட்ஸின்ர ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டில் தற்பால் ஈர்ப்புள்ள ஆக்களை இழிவாச் சொல்லுற சொல் இருக்கு, வெட்டாமல் போடக்கூடாது எண்டு தீர்ப்பு. பாட்டு வந்தது 1985இல. பெரிய சண்டை வந்து, அதே வருசம் ஆகஸ்டில நிலையங்களே முடிவு செய்யட்டும் எண்டு விட்டினம். 2017இல பிரெஞ்சு நிலையம் ஒண்டில ஆங்கிலக் கெட்ட வார்த்தை வந்ததைப் பற்றி, பிரெஞ்சு மொழி நிகழ்ச்சியில அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில இருக்கிற அளவு காரம் இல்லை எண்டு சொல்லிச்சினம். ஆரையும் தாக்கப் பாவிக்காத வரைக்கும் எண்ட நிபந்தனையோட. உங்கட ஹூக்கில வாறது ஆங்கிலச் சொல்லா, தமிழ்ச் சொல்லா?

தெருவிளக்கு:
ஆங்கிலம்தான். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அர்த்தம் தெரியும். எடுத்துவிடுகிறேன்.

சந்தேகப்பிராணி:
சரி, பீப் வேண்டாம். ஆனால் எல்லாரும் திட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். சாதிப் பெயரை வசையாகவும், மாற்றுத்திறனாளியைக் கேலியாகவும் சொல்லும் பழைய நகைச்சுவைப் பாட்டுகள் பகல் பதினொரு மணிக்கு எந்த வெட்டும் இல்லாமல் ஓடுகின்றன. “சமூகங்கள் மீதான தாக்குதல்” என்ற தலைப்பு அதற்குத்தானே பொருந்தும்?

சட்டப்புள்ளி:
பொருந்தும். அங்கே நெறிமுறை மட்டுமல்ல, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். கேட்பாரற்று ஓடக் காரணம் எளிது: அந்தப் பாட்டுகள் நூலகத்தில் ஏறியபோது யாரும் முழுக்கக் கேட்டிருக்க மாட்டார்கள். தலைப்பும் படப்பெயரும் போட்டு மொத்தமாக ஏற்றியிருப்பார்கள். இவற்றில் எடிட் வேண்டாம், பிளேலிஸ்டை விட்டே எடுங்கள் என்பது என் கருத்து.

வட்டத்தட்டு:
நூலகத்தை விட்டு எடுப்பது என்றதும் தென்னாப்பிரிக்கா ஞாபகம் வருகிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் வானொலி நூலகத்தில் தடைசெய்த பாட்டின் பள்ளத்தையே கூர்மையான கருவியால் கீறி வைத்தார்கள், ஒலிபரப்பாளர் நினைத்தாலும் போட முடியாதபடி. தட்டின் மற்றப் பாட்டுகள் ஓடும்.

நம் பக்கம் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் வார்த்தையை எடுக்கவில்லை, சினிமாப் பாட்டையே கிட்டத்தட்ட எடுத்துவிட்டார்கள். கேட்பவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கியது அதற்குப் பதிலாகத்தான்.

மோனோஸ்பீக்கர்:
கீறல் வேலையைக் கணினியிலும் செய்யணும் :) எடிட் கோப்பை ஏற்றின பிறகு அசல் கோப்பும் ஆட்டோமேஷனில் (பாட்டுகளைத் தானாக ஓட்டும் மென்பொருளில்) இருந்தால், என்றாவது ஒரு நாள் இரவு ஷிஃப்டில் அதுதான் ஓடும். அசலை ஒலிபரப்பு நூலகத்துக்கு வெளியே வேறு வட்டில் வையுங்கள். எடிட்டின் பெயரில் கடைசியில் “திருத்தியது” என்று சேர்த்தால் பெயர் நீண்டு திரையில் தெரியாமல் போகும், முன்னால் சேருங்கள்.

சமுதாய வானொலி ஒலிபரப்பினதை 3 மாதம் சேமித்து வைக்கணும். புகார் வந்தால் கேட்பது உங்கள் எடிட் கோப்பை அல்ல, அன்றைக்குக் காற்றில் போனதை. லாகர் (ஒலிபரப்பைப் பதிவு செய்யும் கருவி) ஓடுகிறதா, கடிகாரம் சரியா என்று பாருங்கள்.

தெருவிளக்கு:
நேயர் போனில் அதே ஹூக்கைப் பாடினால்?

மோனோஸ்பீக்கர்:
அது எடிட்டால் ஆகாது. டிலே யூனிட் வேணும், வழக்கமாக 7, 8 நொடி. பொத்தானை அமுக்கினால் சேமித்து வைத்திருக்கிற நொடிகளைக் கொட்டிவிட்டு நேரலைக்குத் தாவும், பிறகு பேச்சைக் கவனிக்க முடியாத அளவு மெல்ல இழுத்து டிலேயை மறுபடி நிரப்பும். நிரம்பி முடிவதற்குள் இரண்டாவது தடவை வந்தால் பாதுகாப்பு கிடையாது, அதனால் முதல் தடவையிலேயே போனை வையுங்கள். யூனிட் இல்லாத நிலையம் அழைப்பைப் பதிவு செய்து அடுத்த பாட்டுக்குப் பிறகு போடலாம். சின்ன நிலையத்துக்கு அதுவே போதும்.

தெருவிளக்கு:
இன்றைய நிலை: ஹூக்கின் நாலு இடத்தையும் இன்ட்ரோ லூப்பிலிருந்து எடுத்து ஒட்டியாகிவிட்டது, மோனோவில் கேட்டேன், தெரியவில்லை. வெர்ஸில் வரியையும் அதன் இயைபு ஜோடியையும் சேர்த்து எடுத்தால் சரியாக இரண்டு பார் (தாளச் சுற்று) போகிறது, தாளம் இடிக்கவில்லை. சம்மத மின்னஞ்சலும் வந்துவிட்டது. இன்னும் ஏதாவது பாக்கி?

ஃபேடர்_மணி:
பாட்டின் தலைப்பு என்ன?

தெருவிளக்கு:
ஐயோ. ஹூக்கில் வருகிற அதே வார்த்தைதான்.

ஃபேடர்_மணி:
ஆர்டிஎஸ் (ஒலியோடு எழுத்தையும் அனுப்பும் வசதி) இருக்கிறதா? இருந்தால் ரேடியோடெக்ஸ்ட் 64 எழுத்து வரைக்கும் கார் திரையில் ஓட்டும், அது ஆட்டோமேஷனின் தலைப்புப் புலத்திலிருந்து போகிறது, கோப்பின் பெயரிலிருந்து அல்ல. எம்பி3யின் டேகையும் (கோப்புக்குள் பதிந்திருக்கும் தலைப்பு விவரம்) சேர்த்து மாற்றுங்கள். சில மென்பொருள் கோப்பை மறுபடி ஸ்கேன் செய்யும்போது பழைய டேகைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இணைய ஸ்ட்ரீமுக்கும் அதே புலம்தான் போகும். பாடினவர் பெயரையும் எழுதினவர் பெயரையும் அறிவிக்கணும், அதை விடாதீர்கள். தலைப்புக்கு மட்டும் அவரிடமே ஒரு மாற்றுப் பெயர் கேட்டு, அறிவிப்பாளர் வாசிக்கும் தாளிலும் அதையே எழுதிவிடுங்கள்.